‘ஸ்டர்’ என்று முடியும் பழைய ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பின்ஸ்டர், வெப்ஸ்டர், புரூஸ்டர், பாக்ஸ்டர், டெக்ஸ்டர், மால்ட்ஸ்டர், ஹக்ஸ்டர் என்று வால் ஒன்றாகவே அமைந்த ஒரு சொற்கூட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது. சில செத்துவிட்டன, சில குடும்பப் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டன, ஒன்றிரண்டு இன்றும் தொழில் செய்கின்றன. மொழிபெயர்ப்பு வேலையில் இவற்றோடு பல ஆண்டுகள் பழகியிருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

ஸ்பின்ஸ்டர் என்றால் முதிர்கன்னி என்றுதானே பொருள்?

இல்லை. இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பழைய தேவாலயத் திருமணச் சான்றிதழ் ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. மணமகள் பெயருக்கு நேரே, நிலை என்ற கட்டத்தில், சாய்ந்த கையெழுத்தில் ‘ஸ்பின்ஸ்டர்’ என்று எழுதியிருந்தது. அகராதியைப் புரட்டிவிட்டு ‘முதிர்கன்னி’ என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் வயது 19 என்று இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் நினைவிருக்கிறது. பிறகுதான் புரிந்தது: சட்ட ஆவணத்தில் அந்தச் சொல்லுக்கு ‘இதுவரை மணமாகாதவர்’ என்பதற்கு மேல் எந்தப் பொருளும் இல்லை. வயதைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ மனநிலையைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

அதற்கும் முன்னால் அது வெறும் தொழிற்பெயர். ஸ்பின் என்றால் நூல் நூற்பது. ஸ்பின்ஸ்டர் என்றால் நூற்பவள். 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது.

நூற்பவள் எப்படி மணமாகாதவள் ஆனாள்?

அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு நீண்ட கோலின் தலையில் கம்பளி மயிரையோ ஆளிநாரையோ பொதியாகச் சுற்றியிருப்பார்கள். அந்தக் கோலை இடது அக்குளில் இடுக்கிக்கொள்வாள், அல்லது இடுப்புக் கச்சையில் செருகிக்கொள்வாள். பொதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நாரை இழுத்துவிட, கீழே தொங்கும் கதிர் என்ற நூற்புக் குச்சி சுழன்று அதை முறுக்கும். ஆளிநார் என்றால் விரலை எச்சிலில் நனைத்துக்கொள்ள வேண்டும். நூல் நீண்டு கதிர் தரையைத் தொட்டதும் நூலைக் கதிரில் சுற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நின்றுகொண்டே செய்யலாம், நடந்துகொண்டே செய்யலாம், ஆடு மேய்த்துக்கொண்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டும் தொட்டிலை ஆட்டிக்கொண்டும் செய்யலாம். முதலீடு என்று பெரிதாக எதுவும் தேவையில்லை: ஒரு கோல், ஒரு கதிர், இரண்டு கை.

அதனாலேயே அது ஏழைப் பெண்களின் வேலையாக இருந்தது. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் நூற்க வேண்டியிருந்தது. அத்தனை பேர் நூற்றும் கூலி என்னவோ சொற்பம்தான். கணவனோ நிலமோ இல்லாத ஒரு பெண் யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய சில வேலைகளில் அது ஒன்று.

இதில் சட்டமும் சேர்ந்துகொண்டது. 1413இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டம், வழக்கில் குறிப்பிடப்படுபவரின் பெயரோடு அவருடைய தொழிலையோ சமூக நிலையையோ சேர்த்து எழுத வேண்டும் என்றது. ஆண் என்றால் நெசவாளி, உழவர், கொல்லர் என்று எழுதுவார்கள். மணமான பெண் ‘இன்னாரின் மனைவி’, கணவனை இழந்தவள் ‘கைம்பெண்’. இவை எதிலும் அடங்காத பெண்ணுக்கு என்ன எழுதுவது? ‘நூற்பவள்’ என்று எழுதினார்கள். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அது மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாகவே ஆகிவிட்டது. வாழ்நாளில் கதிரைத் தொட்டிராத பிரபு வீட்டுப் பெண்ணும் ஏட்டில் ஸ்பின்ஸ்டர்தான்.

18ஆம் நூற்றாண்டில் ‘மண வயதைக் கடந்தவள்’ என்ற ஏளனப் பொருள் ஏறியது. மணமாகாத ஆணைக் குறிக்கும் பேச்சலர் என்ற சொல் அப்படி எந்தக் கறையும் படியாமல் நிமிர்ந்தே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 டிசம்பரில் திருமணப் பதிவேடுகளிலிருந்து இரண்டு சொற்களும் நீக்கப்பட்டு, ‘மணமாகாதவர்’ என்ற பொதுச் சொல் வந்தது. நம் ஊரில் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் மாதிரிப் படிவங்களில் இந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது. அதனால் பழைய சான்றிதழ்களில் இன்றும் அதைச் சந்திக்கிறோம்.

‘ஸ்டர்’ என்பது பெண்பால் விகுதி என்கிறார்களே, உண்மையா?

பழைய ஆங்கிலத்தில், அதாவது 1066இல் நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முந்தைய மொழியில், செய்பவரைக் குறிக்க இரண்டு விகுதிகள் இருந்தன. ஆணுக்கு ‘எரெ’, பெண்ணுக்கு ‘எஸ்ட்ரெ’. பாடுகிறவன் சங்கெரெ, பாடுகிறவள் சங்கெஸ்ட்ரெ. நமக்கு உழவன், உழத்தி போல. அந்த ‘எரெ’தான் இன்றைய சிங்கர், பேக்கர், டீச்சர் ஆகியவற்றின் ‘அர்’. அந்த ‘எஸ்ட்ரெ’ தேய்ந்து ‘ஸ்டர்’ ஆனது.

அந்த எல்லை எப்போதும் கறாராக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஆங்கில எழுத்துகளிலேயே சில இடங்களில் ‘எஸ்ட்ரெ’ ஆண்களுக்கும் வருகிறது. ஆனால் பெரும்போக்கு பெண்பால்தான். அதற்கு நல்ல சாட்சி கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான டச்சு மொழியில் ‘ஸ்டர்’ இன்றும் உயிரோடிருக்கும் பெண்பால் விகுதி. அங்கே தையல்காரி ‘நாய்ஸ்டர்’; எழுத்தாளர் பெண் என்றால் ‘ஸ்க்ரைஃப்ஸ்டர்’. ஆங்கிலம் தொலைத்ததை டச்சு பத்திரமாக வைத்திருக்கிறது.

அகராதி எழுதிய வெப்ஸ்டரின் பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வெப்ஸ்டர் என்றால் நெய்பவள். 1828இல் அமெரிக்க ஆங்கிலத்துக்கு 70,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் தந்தை, வேளாண்மையோடு நெசவும் செய்தவர். குடும்பப் பெயர் பல தலைமுறைகளுக்கு முன்பே உறைந்துவிட்ட ஒன்று. இருந்தாலும் அந்த வீட்டில் தறி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்று எண்ணும்போது மனம் மகிழ்கிறது.

நெசவு ஒன்றுக்கே ஆங்கிலத்தில் மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கின்றன: வெப், வீவர், வெப்ஸ்டர். இவற்றில் வெப்ஸ்டர் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மிகுதி. அதே போல ரொட்டி சுடுகிறவர் தெற்கில் பேக்கர், வடக்கில் பாக்ஸ்டர். பாக்ஸ்டர் என்ற பெயரைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தின் வேர் வடக்கே என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்.

பெண்பால் பெயர் ஆண்களுக்கு எப்படிப் போனது?

இரண்டு வழிகளில் போனது. ஒன்று, மொழிக்குள் நடந்த மாற்றம். ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டு வாக்கில் வட இங்கிலாந்தில் ‘ஸ்டர்’ தன் பெண் அடையாளத்தை இழந்து, ‘அந்தத் தொழிலைச் செய்கிறவர்’ என்ற பொதுப்பொருளுக்கு வந்துவிட்டது. தெற்கில் இன்னும் நூறு, இருநூறு ஆண்டுகள் பெண்பாலாகவே நீடித்தது. குடும்பப் பெயர்கள் உறைந்ததும் பெரும்பாலும் அதே காலம்தான். அதனால் தந்தை வழியாக வெப்ஸ்டர் என்ற பெயர் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. தாயின் தொழிலால் பிள்ளைக்குப் பெயர் வந்த குடும்பங்களும் இருந்திருக்கும்.

இன்னொன்று, தொழிலே கைமாறியது. நெசவு, ரொட்டி, மதுவடிப்பு மூன்றும் முதலில் வீட்டுக்குள், அடுப்படியில், பெண்களிடம் இருந்தவை. அவற்றில் சந்தையும் பணமும் கைவினைஞர் குழுக்களின் உரிமமும் வந்த பிறகு ஆண்கள் வந்தார்கள்; வந்தவர்கள் வேலையோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். பணம் பெருகாத நூற்பு மட்டும் பெண்களிடமே தங்கியது. அதனால்தான் இந்தக் கூட்டத்தில் ஸ்பின்ஸ்டர் ஒன்று மட்டும் கடைசிவரை பெண்பாலாக நின்றது. எந்த வேலை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற கணக்கு இந்த விகுதியிலேயே எழுதியிருப்பதாக நான் நினைக்கிறேன். இந்தச் சொற்களின் மீது எனக்குள்ள பற்றுக்குக் காரணமும் அதுதான்.

புரூஸ்டர் என்றால் மது வடிப்பவளா?

ஆம், ஏல் என்ற பார்லி மதுவை வடிப்பவள். தொழில் கைமாறியதை மிகத் தெளிவாகக் காட்டுவது இந்தச் சொல்தான்.

இடைக்கால இங்கிலாந்தில் ஏல் அன்றாட உணவின் ஒரு பகுதி. பெரியவர், சிறியவர் எல்லோரும் குடித்தார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொய்யாக உடைத்து வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைப் புளிக்கவிட்டால் ஏல். ஆனால் சில நாட்களிலேயே அது கெட்டுவிடும். தொலைவுக்கு வண்டியில் ஏற்றிப்போகவும் முடியாது. ஆகவே பெரிய ஆலை வைப்பதில் பயனில்லை. ஒரு வீட்டுக்காரி கொஞ்சம் அதிகமாக வடிப்பாள், தன் வீட்டுக்குப் போக மிஞ்சியதை அண்டை அயலாருக்கு விற்பாள். இன்று ஏல் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கழியை நீட்டி வைப்பாள். அடுத்த வாரம் எதிர்வீட்டில் கழி நீளும். ஊர் அதிகாரி வந்து சுவை பார்ப்பார், அளவு சரியா என்று பார்ப்பார், தவறு இருந்தால் தண்டம் விதிப்பார். அந்தத் தண்டப் பதிவேடுகளில்தான் அந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன.

பிறகு ஹாப் என்ற கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சும் பீர், நெதர்லாந்துப் பகுதியிலிருந்து இங்கிலாந்துக்குப் பரவியது. 15ஆம் நூற்றாண்டில் அது வலுப்பெற்றது. ஹாப்பின் கசப்பு மதுவைக் கெடாமல் காக்கும். கெடாது என்றால் மொத்தமாக வடிக்கலாம், தொலைவுக்கு அனுப்பலாம், படைக்கும் கப்பலுக்கும் விற்கலாம். அதற்குப் பெரிய செம்புக் கொப்பரை வேண்டும், கிடங்கு வேண்டும், கடன் வாங்கும் தகுதி வேண்டும். அன்றைய சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்தும் கடனும் கடினம். சில தலைமுறைகளில் புரூஸ்டர் போய் ஆண்பாலான புரூவர் நிலைத்தான். ஒரு பூ செய்த வேலை இது.

சொல் மட்டும் விசித்திரமான ஓர் இடத்தில் உயிர்பிழைத்தது. மதுக்கடை உரிமங்களைப் புதுப்பிக்க இங்கிலாந்து நீதிபதிகள் ஆண்டுதோறும் கூடிய அமர்வுக்குப் ‘புரூஸ்டர் அமர்வு’ என்று பெயர் இருந்தது. 2003இல் இயற்றப்பட்டு 2005 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த உரிமச் சட்டம், அந்த அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்கு மாற்றியது. ஆக, புரூஸ்டர் நவம்பரிலும் ஸ்பின்ஸ்டர் டிசம்பரிலும், அதே 2005இல், அரசாங்க ஏடுகளிலிருந்து விடைபெற்றன.

குடும்பப் பெயராகக் கேட்டிருப்பீர்கள்: 1816இல் கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்த ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர்.

டெக்ஸ்டர், லிஸ்டர் ஆகியவையும் இந்தக் கூட்டமா?

இரண்டும் சாயம் தோய்ப்பவர்கள். டை என்ற வினையின் பழைய வடிவத்திலிருந்து வந்தது டெக்ஸ்டர். வலப்பக்கத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் வேறு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1962 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இந்தியா முதன்முறையாக இங்கிலாந்தை ஒரு டெஸ்ட் தொடரில் வென்றது. அன்று தோற்ற அணிக்குத் தலைவர் டெட் டெக்ஸ்டர். அவருடைய குடும்பப் பெயருக்குள் ஒரு சாயக்காரி இருந்தாள்.

லிஸ்டர், சாயத்தைக் குறிக்கும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் லிட்ஸ்டர். 1381 உழவர் கிளர்ச்சியின்போது நார்ஃபோக் பகுதியில் தலைமை தாங்கிய ஜெஃப்ரி லிட்ஸ்டர் உண்மையிலேயே சாயத் தொழிலாளி. பெயரும் தொழிலும் இன்னும் பிரியாத காலம் அது. அறுவைச் சிகிச்சையில் கிருமிநீக்க முறையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் பெயரும் இதே பெயர்தான்.

துணித் தொழிலில் இப்படி வேறு சொற்கள் உண்டா?

நிறைய உண்டு. ஆட்டு மயிரைச் சீவிக் கொடுப்பவள் கெம்ப்ஸ்டர். துணியை வெட்டி உருவம் கொடுப்பவள் ஷெப்ஸ்டர். பின்னுகிறவள் நிட்ஸ்டர். துணியை வெளுப்பவள் பிளாக்ஸ்டர் அல்லது விட்ஸ்டர்.

விட்ஸ்டர் எனக்குப் பிடித்த சொல். ஷேக்ஸ்பியரின் ‘மெரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்’ நாடகத்தில், அழுக்குத் துணிக் கூடையைத் தேம்ஸ் ஆற்றங்கரையின் டாச்செட் புல்வெளியிலுள்ள விட்ஸ்டர்களிடம் கொண்டுபோகச் சொல்கிறார்கள். கூடைக்குள் நாடகத்தின் நகைச்சுவைப் பாத்திரமான ஃபால்ஸ்டாஃப் ஒளிந்திருக்கிறான். அந்தப் புல்வெளியில் என்ன நடந்தது? நெய்து வந்த லினன் துணி பழுப்பாக இருக்கும். அதைச் சாம்பல் காரத்தில் ஊறவைத்து, அலசி, புல்லின் மேல் பாவுபோல நீளமாக விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து வெயிலில் கிடத்துவார்கள். பிறகு புளித்த மோரில் தோய்ப்பார்கள். மறுபடி காரம், மறுபடி புல், மறுபடி மோர். ஒரு துணி முழுதாக வெளுக்க மாதக்கணக்கில் ஆகும். நம் வெள்ளாவியை அறிந்தவர்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் வெளுப்புத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. புல்வெளி மாட்டுக்குப் போனது, சொல் அகராதிக்குப் போனது.

த்ரோஸ்டர் என்பவள் பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கேற்றுபவள். 15ஆம் நூற்றாண்டு லண்டனில் இந்தப் பெண்கள் தன்மானத்தோடு தொழில் நடத்தினார்கள். இத்தாலிய வணிகர்கள் முறுக்கிய பட்டையும் பட்டுச் சாமான்களையும் கொண்டுவந்து குவித்துத் தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று 1455இல் நாடாளுமன்றத்துக்கே மனுப் போட்டார்கள். இறக்குமதிக்குத் தடையும் கிடைத்தது. பட்டு முறுக்கும் ஆலைக்காரரை இன்றும் அந்தத் தொழிலில் த்ரோஸ்டர் என்பதுண்டு.

பெண் தையல்காரரை சீம்ஸ்ட்ரெஸ் என்கிறார்களே? அதில் ‘ஸ்டர்’, ‘எஸ்’ இரண்டும் இருக்கின்றனவே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். சீம்ஸ்டர் என்பதே தைப்பவள்தான். ‘ஸ்டர்’ பெண்ணைக் குறிக்கிறது என்பதே மக்களுக்கு மறந்துபோன பிறகு, பிரெஞ்சு வழியாக வந்த ‘எஸ்’ விகுதியை அதன்மேல் ஒட்டினார்கள். பாடகியைக் குறிக்கும் சாங்ஸ்ட்ரெஸ் என்பதும் அப்படியே. ‘தையல்காரிச்சி’ என்று நாம் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் இன்று அது யாருடைய காதிலும் உறுத்துவதில்லை.

டீம்ஸ்டர் என்றால் நீதிபதியா, வண்டிக்காரரா?

தமிழில் எழுதும்போது மட்டும் எழும் சிக்கல் இது. ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறுபடும் இரண்டு சொற்கள், நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஒலிக்கும்போது, ‘டாக்டர்’ என்பதில் முதலில் வரும் மெல்லோசை டகரம் நீதிபதிக்கு. ‘டிக்கெட்’ என்பதில் வரும் வல்லோசை டகரம் வண்டிக்காரருக்கு.

நீதிபதி டீம்ஸ்டர், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் மான் தீவில் இன்றும் பதவியில் இருக்கிறார். தீர்ப்புச் சொல்வதைக் குறிக்கும் பழைய வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அந்தத் தீவின் உயர்நீதிமன்றத்தில் முதல் டீம்ஸ்டர், இரண்டாம் டீம்ஸ்டர் என்று பதவிகள் இருக்கின்றன. பதவியேற்கும்போது அவர் எடுக்கும் உறுதிமொழியில் ஓர் அரிய உவமை வருகிறது: ஹெர்ரிங் மீனின் நடுமுள் எப்படி இருபுறமும் சாயாமல் உடலின் நடுவே கிடக்கிறதோ, அப்படி இரு தரப்புக்கும் நடுவே நின்று நீதி வழங்குவேன் என்பது அதன் கருத்து. ஹெர்ரிங், நம் மத்தி மீனின் உறவு. வேகவைத்த மத்தியை இரண்டாகப் பிளந்தவர்களுக்கு அந்த முள் எவ்வளவு நேராக நடுவில் ஓடும் என்று தெரியும். நாம் துலாக்கோலைச் சொல்வோம். மீன்பிடித்து வாழ்ந்த தீவு மீன்முள்ளைச் சொன்னது.

ஸ்காட்லாந்தில் இதன் உடன்பிறப்பு டெம்ப்ஸ்டர். அங்கே நீதிமன்றத்தில் தண்டனையை உரக்க அறிவிக்கும் ஊழியருக்கு அந்தப் பெயர். 1773இல் பதவி ஒழிந்தது, குடும்பப் பெயர் நிலைத்தது.

வண்டிக்கார டீம்ஸ்டர் அமெரிக்காவில் வேரூன்றியவர். பல குதிரைகளையோ எருதுகளையோ சேர்த்துப் பூட்டிய வண்டியை ஓட்டுபவர். 1903இல் தொடங்கிய அவர்களுடைய தொழிற்சங்கம் இன்று லாரி ஓட்டுநர்கள் முதல் கிடங்குத் தொழிலாளர்கள்வரை சேர்ந்த பெரும் சங்கம். அதன் சின்னத்தில் இன்னும் இரண்டு குதிரைத் தலைகள் இருக்கின்றன.

மால்ட்ஸ்டர், டாப்ஸ்டர், ஹக்ஸ்டர் ஆகியவை இப்போதும் வழக்கில் உண்டா?

மால்ட்ஸ்டர் நன்றாகவே உயிரோடிருக்கிறது. பார்லியை முளைகட்டி உலர்த்தித் தருபவர் அல்லது அந்த நிறுவனம். நாம் கேழ்வரகை முளைகட்டுவது போலத்தான், அளவுதான் மிகப் பெரிது. பழைய முறையில், ஊறிய தானியத்தைக் கல்தரையில் பரப்பி, வேர்கள் பின்னிக்கொள்ளாமலும் சூடு ஏறாமலும் இருக்க மரத் துடுப்பால் இரவு பகலாகப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள்.

டாப்ஸ்டர், பீப்பாயிலிருந்து மது ஊற்றித் தருபவர். முதலில் பெண், ஷேக்ஸ்பியர் காலத்தில் ஆண், இப்போது பழங்கதைகளில் மட்டும்.

ஹக்ஸ்டர், தெருவில் சில்லறையாகத் தின்பண்டமும் காய்கறியும் விற்றவர். இடைக்கால நகரங்களில் இதில் பெரும்பாலோர் பெண்கள், நம் ஊரில் கூடை சுமந்து விற்கும் அம்மாக்களைப் போல. இன்று அந்தச் சொல்லுக்கு ‘ஏமாற்றி விற்பவர்’ என்று பொருள். உழைத்துப் பிழைத்த பெண்களின் பெயர் வசையாகிப்போனது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

கேங்ஸ்டர், டிரிக்ஸ்டர், ஃபிராட்ஸ்டர் என்று புதிய சொற்களெல்லாம் ஏன் கெட்டவர்களையே குறிக்கின்றன?

16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்த விகுதி பெண்ணையும் தொழிலையும் விட்டுவிட்டு, ஒரு விதமான இளக்காரத்தை ஏற்றுக்கொண்டது. சூதாடி கேம்ஸ்டர். அரைகுறையாகச் செய்யுள் கட்டுபவர் ரைம்ஸ்டர். சிலேடையே பேசித் திரிபவர் பன்ஸ்டர். 1890களில் அமெரிக்காவில் கேங்ஸ்டர் வந்தது, பிறகு மாப்ஸ்டர். ஹக்ஸ்டரின் இழிபொருள் மற்றவற்றுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். விதிவிலக்குகளும் உண்டு: யங்ஸ்டர் என்பதில் வசை இல்லை, அதைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் பிறந்த ஓல்ட்ஸ்டரிலும் இல்லை. கருத்துக்கணிப்பு நடத்துபவர் போல்ஸ்டர். 1999இல் நாப்ஸ்டர், 2002இல் ஃபிரெண்ட்ஸ்டர் என்று இணையச் சேவைகள் இதே ஓசையில் பெயர் எடுத்தன. ஆயிரம் ஆண்டு விகுதி இன்னும் குட்டி போடுகிறது.

மினிஸ்டர், மான்ஸ்டர், சிஸ்டர், மான்செஸ்டர்?

இவை எதுவும் உறவில்லை. மினிஸ்டரும் மான்ஸ்டரும் லத்தீன் வழி வந்தவை. சிஸ்டர் தனிக் குடும்பம். மான்செஸ்டரின் வால், ரோமானியப் படைமுகாமைக் குறிக்கும் லத்தீன் சொல். போஸ்டர், டோஸ்டர் ஆகியவற்றில் நடுவிலுள்ள டகரம் போஸ்ட், டோஸ்ட் என்ற அடிச்சொல்லுக்குச் சொந்தம். ஹாம்ஸ்டர் ஜெர்மனிலிருந்து வந்தது. லாப்ஸ்டர் மட்டும் சுவையானது: லத்தீனில் வெட்டுக்கிளிக்கும் கடல்இறாலுக்கும் இருந்த ஒரே பெயர் பழைய ஆங்கிலத்துக்குள் நுழைந்து, இந்த ‘எஸ்ட்ரெ’ விகுதியின் சாயலைப் பூசிக்கொண்டது.

தமிழில் இதற்கு இணையான சொற்கள் உண்டா?

விகுதியைச் சொன்னால் ‘த்தி’, ‘ச்சி’, ‘இனி’ எல்லாம் உண்டு: உழத்தி, இடைச்சி, பாடினி. ஆனால் ஸ்பின்ஸ்டரைப் பற்றிப் பேசும்போது என் நினைவுக்கு வருவது விகுதி அன்று, நற்றிணையில் கபிலர் பாடிய 353ஆம் பாட்டு. அதில் ‘ஆளில் பெண்டிர்’, அதாவது கணவன் துணையில்லாத பெண்கள், தம் முயற்சியால் செய்த நுண்ணிய ‘பனுவல்’, அதாவது பஞ்சுநூல், உவமையாக வருகிறது. புறநானூற்றில் ‘பருத்திப் பெண்டு’ என்றே ஒரு தொடர் இருக்கிறது. அங்கே ஆளிநாரும் கம்பளியும், இங்கே பருத்தி. கடல்கள் கடந்து, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மொழிகள், தனித்து வாழும் பெண்ணின் கையில் கதிரைப் பார்த்திருக்கின்றன. ஆங்கிலம் அதை ஆவணச் சொல்லாக்கியது. கபிலர் அதை மலைமேல் தவழும் மேகத்துக்கு அருகில் வைத்தார்.

இந்தச் சொற்களை எப்படி மொழிபெயர்ப்பது?

சட்ட ஆவணத்தில் ஸ்பின்ஸ்டர் என்று வந்தால் ‘மணமாகாதவர்’ என்று எழுதுங்கள். ‘கன்னி’ வேண்டாம், ‘முதிர்கன்னி’ கூடவே கூடாது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய எழுத்தில் வந்தால் ‘நூற்பவள்’ என்பதையே முதலில் பொருத்திப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். புரூஸ்டர், பாக்ஸ்டர் ஆகியவை தொழிலாக வந்தால், காலத்தையும் ஊரையும் பார்க்காமல் ஆண்பாலில் எழுதிவிடாதீர்கள்; தென் இங்கிலாந்து, 14ஆம் நூற்றாண்டு என்றால் அங்கே நிற்பது பெரும்பாலும் ஒரு பெண். டாப்ஸ்டருக்கு ‘மது ஊற்றுபவர்’, விட்ஸ்டருக்கு ‘துணி வெளுப்பவர்’ என்று எளிமையாகவே எழுதலாம். இல்லாத பழஞ்சொல்லைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. குடும்பப் பெயராக வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

அந்தப் பழைய சான்றிதழில் நான் ‘முதிர்கன்னி’யை அடித்துவிட்டு ‘மணமாகாதவர்’ என்று திருத்தினேன். தொழில் என்ற கட்டத்தில் மணமகனுக்குத் தச்சர் என்று இருந்தது. மணமகளுக்கு ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டை மொழிபெயர்ப்பிலும் அப்படியே போட்டுக் கொடுத்தேன்.